கேட்காமல் விட்ட கேள்வி

குழந்தைகள் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரியவர மூன்று நாளாகும் என்பது மூத்தவளின் பழைய குறை. ஊர்ப் பிள்ளைகளின் நெற்றியையெல்லாம் தொட்டுவிட்டு வருகிற அம்மாவுக்கு, வீடு வந்து சேரும்போது கையே மிச்சமிருக்காது என்பாள். அதே குறையை வேறு யாராவது சொன்னால் போச்சு, சண்டைக்கு வந்துவிடுவாள். பள்ளி நாடகத்தன்று கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஓடிவந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, இரண்டாம் காட்சியில் தூங்கிவிட்டு, முடிவில் அரங்கத்திலேயே பலமாகக் கைதட்டியவள் அவள் அம்மா. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடுகிற வேலையை யாரிடமும் விடமாட்டாள். கட்டுப் போடுகிற நேர்த்தியோடு ஓரங்களை மடித்து ஒட்டுவாள். அந்த நோட்டுகள் கிழிந்தாலும் அட்டை கிழியாது.

அந்த அம்மா இறந்து ஒரு மாதம் ஆகிறது. எழுபத்தாறு வயது. ஒரே நாளில் முடிந்துவிட்டது, யாரையும் படுத்தவில்லை. "நோயாளியா இருக்கத் தெரியாது அவங்களுக்கு, அதான் சீக்கிரம் கிளம்பிட்டாங்க" என்று தம்பி சொல்லிச் சொல்லி அழுதான். மூத்தவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், படிவங்களில் கையெழுத்துப் போட்டாள், பிரிட்ஜைக் காலி செய்தாள். கல்நெஞ்சுக்காரி என்று சொந்தத்தில் ஒருத்தி காதுபடவே சொன்னாள். மூத்தவளுக்கு அது உறைக்கவில்லை. அம்மாவுக்காக அழுகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்பதே முடிவாகாமல் கிடக்கும்போது, கல்லென்ன, மண்ணென்ன.

தம்பி ஒரு நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தான். சனிக்கிழமை மாலை நான்கு மணி, அம்மாவின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்திலேயே. பத்திரிகையில் நாலு வரி விளம்பரமும் கொடுத்துவிட்டான்: டாக்டரிடம் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் வரலாம், கார்டு வைத்திருப்பவர்கள் எடுத்துவரலாம்.

"கடைசியில நீ பேசறே, அக்கா" என்றான் போனில்.

"எனக்குப் பேச வராதுடா."

"லிஃப்டைப் பத்தின்னா மட்டும் மூணு மணி நேரம் வருது. அம்மாவைப் பத்தி ரெண்டு நிமிஷம் வராதா?"

அவள் பிழைப்பு அது. உயரமான கட்டடங்களின் லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிறவள். லிஃப்டைத் தாங்கும் கம்பிவடத்தைத் தன் கையால் தடவிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். அலுவலகத்தில் அவளுக்குச் சந்தேக மேடம் என்று பெயர். அது அவளுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். "ஒண்ணும் ஆகாது மேடம், சும்மா போடுங்க" என்று எந்தக் கட்டடக்காரன் சொன்னாலும் அவள் முகம் கறுத்துவிடும். ஒண்ணும் ஆகாது என்று அவளும் பதின்மூன்று வயதில் ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

"சரி, ரெண்டு நிமிஷம்" என்று ஒப்புக்கொண்டாள். தம்பிக்காக அல்ல. கூட்டத்துக்கு முன்னால் கிளினிக்கைச் சுத்தம் செய்கிற சாக்கில் கீழ் டிராயரைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அம்மா இருந்தவரை அதற்குத் தைரியம் வரவில்லை.

அம்மாவின் கார்டுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த டிராயர் விவகாரம் புரியாது. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அம்மா கார்டை விடவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு கெட்டி அட்டை. அதன் இடது மூலையில் அம்மா வைத்த பட்டப்பெயர் பெரிதாக இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் கீழே பொடி எழுத்தில் போனால் போகிறதென்று இருக்கும். வண்டு, தவளை, பீப்பாய், ஜட்ஜ் என்று வாயில் வந்ததையெல்லாம் வைப்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. போனில் கூப்பிடும்போது அவர்களே "டாக்டர், உங்க பீப்பாய்க்கு இருமல்" என்பார்கள். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் கார்டை அதன் கையிலேயே கொடுத்து, "இனிமே உன் ஒடம்புக்கு நீதான் பொறுப்பு" என்று அனுப்பிவிடுவாள். பிழைக்காமல் போன பிள்ளைகளின் கார்டுகள் மட்டும் யாருக்கும் போகாது. அவை அலமாரியின் கீழ் டிராயரில், பூட்டுக்குள் இருக்கும்.

அப்புறம் அந்த மூன்று கேள்விகள். குடிக்குதா? ஒண்ணுக்குப் போச்சா? சிரிச்சுதா? போனை எடுத்ததும் அம்மா முதலில் கேட்பது இவற்றைத்தான். "காய்ச்சல் எவ்வளவுன்னு தெர்மாமீட்டர் சொல்லும். பிள்ளை எப்படி இருக்குன்னு இந்த மூணுதான் சொல்லும்" என்பாள். வீட்டில் காலையும் மாலையும் இதையே கேட்டு வளர்ந்ததில் பிள்ளைகள் இரண்டுக்கும் அது மனப்பாடம். தம்பி தெருவில் நாய்க்குட்டியைத் தூக்கினால்கூட மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் கொஞ்சுவான்.

மூத்தவளுக்குப் பதின்மூன்று வயதானபோது அவள் குரல் அப்படியே அம்மாவின் குரலாகிவிட்டது. வீட்டுப் போனை எடுத்து ஹலோ என்றாலே அந்தப் பக்கம் "டாக்டர்..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரில் வாந்தியும் பேதியுமாக இருந்த சமயம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்துவிட்டு அம்மா மதியம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தாள். வீடு மாடியில், கிளினிக் கீழே. அப்பா தம்பியை அழைத்துக்கொண்டு வெளியே கிளம்பினார். போகிறபோது, "வானமே இடிஞ்சு விழுந்தாலும் அம்மாவை எழுப்பக் கூடாது" என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். மூத்தவள் அம்மாவின் செருப்பைக் கழற்றினாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். கூடத்தில் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தாள்.

இரண்டே முக்காலுக்கு மணி அடித்தது. முதல் மணி முடியும் முன்பே எடுத்துவிட்டாள்.

"டாக்டர், உங்க சுண்டெலிக்கு ஒடம்பு சரியில்லைங்க" என்றது ஓர் ஆண் குரல்.

அம்மா தூங்குகிறாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், கொஞ்சம் எழுப்புங்கள் என்பார்கள். எழுப்பினால் அம்மா எழுந்துவிடுவாள், அதுதான் அவளிடம் உள்ள கோளாறே. மூத்தவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சுண்டெலிக்கா? என்ன ஆச்சு?"

"காலையிலிருந்து வாந்திங்க. பேதியும் ஆகுது."

"குடிக்குதா?"

"குடுத்தா குடிக்கிறான். கொஞ்சம் வெளியில வந்துடுது."

அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்து அங்கேயே நின்றுகொண்டது. முன்பின் தெரியாத ஓர் ஆம்பளையிடம், பதின்மூன்று வயதுப் பெண், ஒண்ணுக்குப் போச்சா என்று எப்படிக் கேட்பாள்? வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவினாள்.

"சிரிச்சுதா?"

"காலையில சிரிச்சான் டாக்டர்."

"கொதிச்சு ஆறின தண்ணியில உப்பும் சர்க்கரையும் போட்டு ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கிட்டே இருங்க. நாளைக்குக் காலையில கிளினிக்குக்குத் தூக்கிட்டு வாங்க. ஒண்ணும் ஆகாது."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெருமை தாங்கவில்லை. அம்மாவுக்கு ஒரு மத்தியானத் தூக்கத்தைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டாளே.

கால் மணி நேரம் கழித்து மெல்ல எட்டிப் பார்த்தால் கட்டில் காலி. பின்பக்கப் படியிறங்கி, கிளினிக் வழியாகவே அம்மா வெளியே போயிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஏதோ அவசரம் போலிருக்கிறது, எப்போதும் நடப்பதுதான் என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள். ஏழு மணிக்கு அம்மா திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "ஒரு பிள்ளை போயிடுச்சு" என்று அப்பாவிடம் சொன்னாள். சாப்பாடு வேண்டாம் என்றாள். பெண்ணைத் திரும்பிப் பார்த்தவள், ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தலையை மட்டும் தடவிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை மூத்தவள் பள்ளிக்கு வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு மாடி ஜன்னலிலேயே நின்றாள். கிளினிக் வாசலில் பீப்பாய் வந்தது, தவளை வந்தது. சுண்டெலி வரவில்லை. அன்று சாயங்காலமே அம்மா ஆளை வரவழைத்து, கூடத்தில் இருந்த போனைத் தன் கட்டில் பக்கத்துக்கு மாற்றிவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அதிலிருந்து மூத்தவள் அந்தப் போனைத் தொடவில்லை. டாக்டருக்குப் படி, உனக்கு அம்மாவின் கை என்று எல்லோரும் சொன்னபோது இயந்திரங்களைப் படித்தாள். இயந்திரத்துக்கு வெட்கப்படாமல் எதையும் கேட்கலாம். முப்பத்தைந்து வருஷத்தில் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்திருக்கிறது. போன வருஷம்கூட, "அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்தாள். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கேளு" என்று தயாராக உட்கார்ந்தாள். "மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் கிளினிக்குக்குப் போய்விட்டாள். சிஸ்டர் அவளுக்கு முன்பே வந்து, எடை பார்க்கும் தராசுத் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவோடு முப்பது வருஷம் வேலை பார்த்த நர்ஸ் அவர். பெற்ற பிள்ளைகள் பார்த்ததைவிட அம்மாவை அதிகம் பார்த்தவர். ஊசிக்குப் பயந்த பிள்ளைகள் கடித்துக் கடித்து மேசை விளிம்பில் பல் தடமாக இருந்தது. அதற்கு வண்ணம் பூச அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை.

"சிஸ்டர், கீழ் டிராயர் சாவி உங்ககிட்ட இருக்கா?"

"எதுக்கு, பாப்பா?" என்றார் சிஸ்டர், நிமிராமலே. நாற்பத்தெட்டு வயதுப் பாப்பா.

"ஒருத்தரைத் தேடணும்."

சிஸ்டர் இப்போது நிமிர்ந்தார். "அது யாரையும் தேடற எடம் இல்லையேம்மா."

மூத்தவள் சொன்னாள். போன் மணியிலிருந்து போன் மாற்றியது வரை, கேட்காமல் விட்ட கேள்வி உட்பட, எல்லாவற்றையும் சொன்னாள். தன் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இத்தனை வருஷம் சுமந்தது மூன்று நிமிஷச் சமாசாரம்தானா என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது. சிஸ்டர் ஆறுதலும் சொல்லவில்லை, அதிரவும் இல்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு, கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த சாவியைக் கழற்றினார்.

"ஒக்காந்து பாரும்மா. நின்னுக்கிட்டுப் பாக்க முடியாது."

நாற்பத்தொரு வருஷத்தில் இருபத்துமூன்று கார்டுகள். மூத்தவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அம்மாவின் கையெழுத்தில் ஒரே தலைப்பு: வேறென்ன செய்திருக்கலாம்? அதன் கீழே அம்மா தன்னைத்தானே குறுக்கு விசாரணை செய்திருந்தாள். சிலவற்றில் இரண்டு வரி. சிலவற்றில் இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, திரும்பி இறங்கியிருந்தது. பத்து வருஷம் கழித்து வேறு பேனாவால் சேர்த்ததும் இருந்தது. நாம் ஒரு பிள்ளைக்காகப் பட்ட பாட்டை இவள் இருபத்துமூன்று பிள்ளைகளுக்காகப் பட்டிருக்கிறாள், பட்டுக்கொண்டே நம் நோட்டுக்கு அட்டையும் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே மூத்தவள் அடுத்த கார்டை எடுத்தாள்.

பதினாறாவது கார்டில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி இருந்தது. மூலையைப் பார்த்தாள். மின்மினி. மூன்று வயதுப் பெண், மூளைக்காய்ச்சல், மாலை ஐந்து இருபது. பின்பக்கம், "முதல் நாளே கொண்டுவந்திருந்தாலும் கடினம்தான். கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்" என்று இருந்தது.

அம்மா அன்று அழுதது இந்தப் பிள்ளைக்காக. மூத்தவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அடுத்த நொடியே, யாரோ பெற்ற பிள்ளையின் சாவைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதிப்படுகிறோமே என்று கூசியது. மீதி ஏழு கார்டுகளையும் பார்த்தாள். சுண்டெலி இல்லை.

"அப்போ பொழைச்சுட்டான்னு அர்த்தமா, சிஸ்டர்?"

சிஸ்டருக்குப் பூசி மெழுகத் தெரியாது. "நம்ம கையில போனவங்க கார்டுதாம்மா இதுல இருக்கு. வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போய் ஏதாவது ஆகியிருந்தா நமக்குத் தெரியாது. நான் வேலைக்கு வந்ததே நீ சொல்ற காலத்துக்கு அஞ்சு வருஷம் கழிச்சுத்தான்."

மேல் அலமாரியில் தேடினார்கள். யாரும் வாங்கிக்கொள்ளாத பழைய கார்டுகள் அங்கே நூற்றுக்கணக்கில் இருந்தன. மதியச் சாப்பாட்டை மறந்து இரண்டு மணிவரை புரட்டியும் சுண்டெலி அகப்படவில்லை. மூன்றரைக்குத் தம்பி மைக்கோடு வந்து இறங்கினான்.

"நான் பேசலைடா" என்றாள்.

"ஏன், என்ன ஆச்சு?"

"பேசற தகுதி எனக்கு இல்ல. விட்டுடு."

"அம்மாவைப் பத்திப் பேச என்னக்கா தகுதி வேணும்? பொண்ணா இருந்தாப் போதாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒயரைச் செருகப் போய்விட்டான்.

நான்கு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. தம்பி வரவழைத்த நாற்காலிகள் போதவில்லை. அதனால் கிளினிக்கின் சிறுவர் நாற்காலிகளில், முழங்கால் முகவாயில் இடிக்க, தொப்பை வைத்த மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கைகளில் பழைய கார்டுகள். ஒருவரை ஒருவர் எட்டிப் பார்த்து, "நீங்க என்ன? தவளையா? நான் வண்டு" என்று அறிமுகம் செய்துகொண்டார்கள். இப்போது வழக்கறிஞராக இருக்கும் ஜட்ஜ், மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்ட கதையைச் சொன்னார். ஊசி வலிக்காது என்று டாக்டர் ஒருநாளும் சொல்லமாட்டார், "வலிக்கும், எட்டு எண்ணு, போயிடும்" என்பார், பிரசவ வலியில்கூட எட்டு எட்டாக எண்ணினேன் என்று ஒரு பெண் சொன்னாள். கூடமே சிரித்தது. மூத்தவள் கடைசி வரிசையில், கதவை ஒட்டி நின்றிருந்தாள். நழுவிவிடுவதற்கு வசதியான இடம்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஓர் ஆள் எழுந்தான். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் அதைப் பிடித்து இழுத்து விடுவித்தார். வாசற்படியில் நின்றால் வெளிச்சம் வராத உடம்பு. மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டான்.

"எங்கப்பா வச்ச பேரைச் சொன்னா இங்க யாருக்கும் தெரியாது. டாக்டர் எனக்கு வச்ச பேரு சுண்டெலி."

சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. மூத்தவள் சிரிக்கவில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டைப் பித்தான்களை மேலிருந்து கீழே எண்ணினாள். ஏழு. உயிரோடுதான் இருந்தான். உயிரோடு என்ன, இரண்டு ஆளுக்கு உயிரோடு இருந்தான்.

"ஒன்றரை வயசுல எனக்கு வாந்தி பேதி" என்று அவன் தொடர்ந்தான். "ஞாயித்துக்கிழமை. அப்பா டாக்டர் வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கார். உப்பு சர்க்கரைத் தண்ணி குடுங்க, காலையில வாங்க, ஒண்ணும் ஆகாதுன்னாங்க. சரின்னு இவரும் வச்சுட்டார். பத்தே நிமிஷம், கார்டுல இருந்த நம்பரைப் பாத்து டாக்டரே திரும்பக் கூப்பிட்டாங்க. 'மன்னிச்சுக்குங்க, ஒரு கேள்வி கேக்க மறந்துட்டேன். பிள்ளை ஒண்ணுக்குப் போச்சா?' அப்பா யோசிச்சுப் பாத்தா, விடிஞ்சதிலிருந்து துணியே நனையலை. 'உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க, நான் வாசல்ல நிக்கறேன்'னாங்களாம். நின்னாங்க. மூணு நாள் டிரிப் ஏத்தினாங்க. காலைவரைக்கும் விட்டிருந்தா, இன்னைக்கு இந்த நாற்காலி பொழைச்சிருக்கும்."

மறுபடி சிரிப்பு. அவன் கையைக் காட்டி அடக்கினான்.

"அடுத்த மாசமே அப்பாவுக்கு வேலை மாறி நாங்க ஊரை விட்டுப் போயிட்டோம். கார்டைக் கையில குடுத்துத்தான் அனுப்பினாங்க. எங்க வீட்டுல இது ஒரு வேதம் மாதிரி. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டு மறைச்சா அப்பா இதைத்தான் எடுப்பார். மறந்துட்டேன்னு அவ்வளவு பெரிய டாக்டரே திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாங்க, உனக்கென்னடா கேடுன்னு."

மறந்துட்டேன். அம்மா அப்படியா சொன்னாள்?

அம்மா தூங்கவில்லை. போன் முதல் மணியிலேயே அவள் விழித்திருக்க வேண்டும். ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் நின்று, "சுண்டெலிக்கா?" என்று பெண் தன் குரலில் கேட்டதைக் கேட்டிருக்கிறாள். முதல் கேள்வி அம்மாவின் காதில் விழுந்தது, மூன்றாவது விழுந்தது, நடுவில் ஒன்று விட்டுப்போனதும் தெரிந்தது. கூடத்துக்கு வந்து போனைப் பிடுங்கவில்லை. சத்தமில்லாமல் கீழே இறங்கி, கார்டை எடுத்து, நம்பரைப் பார்த்து, கிளினிக் போனில் கூப்பிட்டு, பெண் செய்த பிழையைத் தன் பிழையாகச் சொல்லி, அதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். மறுநாள் போனை மாற்றியது தண்டனை அல்ல. அந்தச் சுமை இனி ஒரு குழந்தையின் காதுக்கு வரக்கூடாது என்றுதான் மாற்றியிருக்கிறாள். பெண்ணுக்கு எதுவும் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும் என்று அம்மா இருந்துவிட்டாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று பெண் பயந்து செத்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூன்று கேள்வி கேட்டவள் இவளிடம் ஒன்றைக் கேட்டிருக்கலாம். இவளும் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு கெட்டிக்காரிகள் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

மூத்தவளுக்குக் காலிலிருந்து தலைவரை ஏதோ தளர்ந்து இறங்கியது. லிஃப்ட் ஒரு குலுக்கலும் இல்லாமல் தளத்தோடு தளமாக வந்து நிற்கும்போது பாதத்துக்கு ஒரு நிம்மதி தெரியும், அதைப்போல இருந்தது. அவள் கதவை விட்டு விலகி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, மைக்கைச் சுண்டெலியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தம்பி முறைப்படி அறிமுகம் செய்ய எழுந்தான். அவனை உட்காரச் சொன்னாள்.

"அன்னைக்கு மறந்தது எங்கம்மா இல்ல" என்றாள். "முதல் தடவை போன்ல பேசினது நான். அம்மா ரெண்டு நாளாத் தூங்காம வந்து படுத்திருந்தாங்க. எழுப்ப மனசு வரல. அவங்க குரல்லயே பேசிட்டேன். அந்தக் கேள்வியை நான் மறக்கவும் இல்ல. எனக்குப் பதிமூணு வயசு. கேக்க வெக்கமா இருந்துச்சு."

தம்பி திறந்த வாயை மூடவில்லை. சிஸ்டர் மூலையில் நின்றபடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சுண்டெலியின் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். எழுபது தாண்டிய மனிதர், மைக் இல்லாமலே பேசினார்.

"அதானே பாத்தேன். ரெண்டாவது தடவை குரல் கரகரன்னு இருந்துச்சு. பத்து நிமிஷத்துக்குள்ள டாக்டருக்கு எப்படித் தொண்டை கட்டுச்சுன்னு எனக்கு இத்தனை வருஷமா ஒரு சந்தேகம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூத்தவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அதை விட்டால் வேறொன்றும் கூடவே வந்துவிடும் போலிருந்தது.

"என்னை மன்னிச்சுடுங்கய்யா" என்றாள். "உங்க பிள்ளை போயிட்டான்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

கிழவர் அவளை நன்றாகப் பார்த்தார். பிறகு தன் பிள்ளையை, அந்த ஏழு பித்தான் உடம்பை, மேலும் கீழும் பார்த்தார்.

"மன்னிப்பை உங்கம்மா அன்னைக்கே கேட்டு வாங்கிட்டாங்களேம்மா" என்றார். "ஒரு தப்புக்கு வீட்டுல எத்தனை பேர் கேப்பீங்க?"

மூத்தவள் அழுதாள். மைக்கைத் தள்ளி வைக்கத் தோன்றாமல், நூறு பேருக்கு முன்னால், ஒலிபெருக்கியில் அழுதாள். கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன சொந்தக்காரி இரண்டாம் வரிசையில் இருந்தாள். அவளும் சேர்ந்து அழுதாள். அம்மா போன ஒரு மாதத்துக்கான அழுகையையும் அதற்கு முந்தைய முப்பத்தைந்து வருஷத்துக்கான அழுகையையும் அழுது முடிக்க வெகுநேரம் ஆகவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். இரண்டு நிமிஷம் முடிந்தது. இருபது நிமிஷம் முடிந்தது. தம்பி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

"சும்மா இருடா, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அவள் தொடர்ந்து பேசினாள்.